பட்டி பார்த்த பதினொன்று

சிலிண்டரின் தோளில் என் கட்டைவிரல் வழுக்கியது. இன்றைக்குச் சண்டை இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. காகிதத்தில் இருப்பதை நம்பிப் பழக்கமில்லை. எங்கள் கேஸ் டிப்போவில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிற மேடையில் நிற்பது என் வேலை. ஏறுகிற ஒவ்வொரு சிலிண்டரையும் பார்த்து, சீட்டில் ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் கேட் திறக்காது. மற்றவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். நான் கட்டைவிரலால் பார்ப்பேன். சிலிண்டரின் கழுத்துக்குக் கீழே, தோள் மாதிரி வளைகிற இடத்தில், கடைசியாகச் சோதனை செய்த மாதமும் வருஷமும் இரும்பிலேயே குத்தியிருக்கும். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை உள்ளே தண்ணீரை ஏற்றி, அழுத்தம் கொடுத்து, இரும்பு தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் குத்துகிற தேதி அது. பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏறி எண் மங்கினாலும் குழி போகாது. தடவினால் தெரியும். இதனால் எனக்கு வைத்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. எதிரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு நாற்பது ஆக்சிஜன் சிலிண்டர். மலைப்பாதை தாண்டி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியது. இருபத்தொன்பது எங்களுடையவை. ஒவ்வொன்றையும் எனக்குப் பல வருஷமாகத் தெரியும். மீதிப் பதினொன்று, மூடிப்போன வேறொரு டிப்போவிலிருந்து முதலாளி போன வாரம் வாங்கிவந்தவை. புதுப் பெயிண்ட். கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஸ்டிக்கர்: இந்த வருஷம் சோதனை முடிந்தது என்று. தோளில் மட்டும் குழியே இல்லை. பதினொன்றையும் தடவினேன். பதினொன்றும் மழமழ.

மேனேஜர் ஒரு கையில் போனும் ஒரு கையில் எண்ணெய்ப் பலகாரமுமாக வந்தார். தின்று முடித்த கையை ஒரு சிலிண்டர் வால்வின் மேல் ஊன்றிக்கொண்டார்.

“என்ன பெரியவரே, இன்னும் ஏத்தலையா?”

“கைய எடுங்க சார்.”

“என்னது?”

“எண்ணெய்க் கை. இது ஆக்சிஜன். ரெண்டும் சேர்ந்தா தீக்குச்சி தேவையில்ல. கைய கழுவிட்டு வந்து திட்டுங்க. நான் எங்கயும் போகல.”

போய்க் கழுவிவிட்டுத்தான் வந்தார். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

“இந்தப் பதினொண்ணு ஏறாது சார். தேதி இல்ல.”

“ஸ்டிக்கர் இருக்குல்ல?”

“ஸ்டிக்கர நான்கூட ஒட்டிக்கலாம். எனக்கு இருபத்தஞ்சு வயசுன்னு.”

மேனேஜர் சிரிக்கவில்லை. “வழியில சோதிக்கிறவங்க ஸ்டிக்கரத்தான் பாப்பாங்க. ஆஸ்பத்திரி காத்துக்கிட்டு இருக்கு. கையெழுத்தப் போடுங்க.”

“நல்லது இருபத்தொம்பது இருக்கு. அத இப்பவே ஏத்தறேன்.”

“நாப்பதுன்னு ஒத்துக்கிட்டிருக்கோம். நாப்பதும் போகணும், இல்லன்னா லாரிய மாத்திருவேன்.”

லாரியை மாற்றுவேன் என்றதும் லாரிக்காரன் ஓடிவந்தான். இங்கேதான் சிக்கல். அந்த லாரிக்காரன் என் மகளின் புருஷன்.

நானும் அவனும் பேசி ஆறு மாதம் ஆகிறது. ஒரு நாள் சிலிண்டர்களைச் சங்கிலி போடாமல் கயிற்றால் கட்டி வண்டியை எடுக்கப் பார்த்தான். சங்கிலி எங்கே என்று கேட்டேன். கயிறே போதும் என்றான். நான் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துவிட்டேன், எல்லா டிரைவர்களும் பார்க்கப் பார்க்க. வீட்டுக்கு வந்த மருமகனுக்குச் செய்கிற மரியாதை இதுவா என்று அவன் கேட்டான். வீட்டில் மரியாதை, மேடையில் சங்கிலி என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. சொல்ல வேண்டியதை வாட்ச்மேன் மூலமாகச் சொல்லிக்கொள்வோம். அந்த ஆளுக்கு ரேடியோ என்று பெயர். எதைச் சொன்னாலும் ஊருக்கே கேட்கும்.

“ரேடியோ, என்னவாம் அவருக்கு?” என்றான் மருமகன், நான் மூன்றடியில் நிற்கும்போதே.

“பதினொண்ணு தேதி இல்லாததாம். ஏத்த மாட்டாராம்.”

“அது எப்பிடி, என் வண்டி வர்றன்னிக்கு மட்டும் தேதி இல்லாமப் போவுது? கயித்தோட தீரலையாமா கோவம்?”

“ரேடியோ,” என்றேன் நான், “டிரைவர் கோவத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லு. வண்டிய யார் ஓட்டுனாலும் ஏறாது.”

ரேடியோ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக் களைத்துப்போனான். மேனேஜருக்கு வாய் கிடைத்துவிட்டது.

“ஓ, மாமனார் மருமகன் சண்டையா? குடும்பச் சண்டைய வீட்டுல வச்சுக்குங்க பெரியவரே. கம்பெனி லோடுல காட்டாதீங்க.”

மருமகன் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு, ரேடியோ கையில் கொடுத்தான். ரேடியோ என்னிடம் நீட்டினான். என் மகள்.

“அப்பா, அவருக்குக் கிடைச்ச முதல் நிரந்தரச் சவாரிப்பா இது. இன்னிக்கு லோடு போகலன்னா வேற வண்டிக்குப் போயிரும். அவரு மேல இருக்கற கோவத்த இதுல காட்டாதீங்க.”

“கோவம் இருந்தா ஏத்தி அனுப்பியிருப்பேம்மா.”

“என்னப்பா பேச்சு இது.”

“உள்ள இருக்கறது காத்து இல்ல. நூத்தம்பது மடங்கு அழுத்தி அடைச்சது. இரும்பு உள்ளுக்குள்ள அரிச்சிருந்தா வெயில்ல, மலை ஏத்தத்துல எப்ப பிளக்கும்னு எவனுக்கும் தெரியாது. அதுக்கு முன்னாடி நாலடியில உக்காந்து ஓட்டப் போறது உன் புருஷன். நான் வச்சிர்றேன்.”

அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. போனைக் கொடுத்துவிட்டு என் பையிலிருந்து பித்தளைக் கம்பி பிரஷ்ஷை எடுத்தேன்.

“என்ன பண்றீங்க?” என்றார் மேனேஜர்.

முதல் சிலிண்டரைச் சுவரோரச் சங்கிலிக்குள் நிறுத்தி, தோளைத் தேய்த்தேன். பெயிண்ட் உரிந்தது. அடியில் வெள்ளையாக மாவு மாதிரி வந்தது. பட்டி. சுவரின் ஓட்டையை அடைத்து மட்டம் செய்வார்களே, அந்தப் பட்டி. தேதிக் குழிகளில் பட்டியை வைத்து அடைத்து, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை கேட்டிருக்கிறேன். இரும்புக்குள் குத்தின எண்ணை மறைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“கம்பெனி சொத்த நாசம் பண்றீங்க. வேலைய விட்டுத் தூக்கிருவேன்.”

“தூக்குங்க. இத முடிச்சுர்றேன்.”

இரண்டாவது. மூன்றாவது. தோள்பட்டை கடுத்தது. நாலாவதைத் தேய்க்கும்போது பக்கத்தில் நிழல் விழுந்தது. மருமகன். குனிந்து, முதல் சிலிண்டரின் தோளைப் பார்த்தான். பிறகு, என்ன நினைத்தானோ, கட்டைவிரலை வைத்துத் தடவினான். என்னை மாதிரியே, மெதுவாக. உதடு அசைந்தது, கணக்குப் போட்டான்.

“ஒம்போது வருஷம் ஆச்சு, ரேடியோ,” என்றான்.

ரேடியோ முதல் தடவையாக எதையும் ஒலிபரப்பவில்லை.

மருமகன் போனை எடுத்து முதல் தோளைப் படம் பிடித்தான். இரண்டாவதை, மூன்றாவதை. நான் தேய்க்கத் தேய்க்க அவன் பிடித்துக்கொண்டே வந்தான். ஒன்றில் பதினொரு வருஷம். ஒன்றில் எட்டு. ஒன்றில் தேதிக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி மாதிரி குத்தியிருந்தது. சோதனையில் தோற்றது, இனி நிரப்பாதே என்று அர்த்தம். அதையும் நிரப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் அவன் முகம் சாம்பலாகிவிட்டது.

“படமெல்லாம் எதுக்குப்பா,” என்றார் மேனேஜர். குரல் இறங்கியிருந்தது.

“ஞாபகத்துக்கு சார்,” என்றான் மருமகன். “ரேடியோ, பூதக்கண்ணாடிகிட்ட சொல்லு. நல்லது இருபத்தொம்பத ஏத்தச் சொல்லு.”

“நாப்பது இல்லாம வண்டி வெளிய போகாது,” என்றார் மேனேஜர். “வேற டிரைவரக் கூப்பிடறேன்.”

“கூப்பிடுங்க,” என்றேன். “பதினொண்ணும் வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. கண்ணு இருக்கறவன் எவன் ஏத்துவான்? குருடனா ஒருத்தனப் பிடிங்க. அவனுக்கும் கட்டைவிரல் இருக்கும், பாத்துக்குங்க.”

மேனேஜர் இரண்டு பேருக்குப் போன் போட்டார். ரேடியோ அதற்குள் கேட்டுக்குப் போய்விட்டான். கேட்டில் ரேடியோ நின்றால் எந்த டிரைவருக்கும் சேதி தெரியாமல் இருக்காது. இரண்டு பேரும் வண்டி பழுது என்று சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்தே போன் வந்தது. இருபத்தொன்பது இருந்தால் இருபத்தொன்பதை அனுப்புங்கள், எங்களைக் காக்க வைக்காதீர்கள் என்றார்கள். ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் வால்வுத் தொப்பி, நிமிர்த்தி நிறுத்தி, இரண்டு சுற்றுச் சங்கிலி. மருமகன் ஒவ்வொரு கண்ணியையும் தானே இழுத்துப் பார்த்தான். கையெழுத்துப் போட்டேன். வண்டி போனது.

அப்புறம் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

“வண்டியத் தாமதப்படுத்துனதும் பெயிண்ட சுரண்டுனதும் தப்பு, மன்னிச்சுருங்கன்னு எழுதிக் குடுங்க. நாளைக்கு வேலைக்கு வரலாம்.”

எனக்கு எழுத நேரம் பிடிக்கும். அவர் பொறுமையாகத்தான் காத்திருந்தார். ‘தேதி போனது பதினொன்று’ என்று பெரிய எழுத்தில் எழுதினேன். கீழே பதினொன்றின் எண்ணையும் தேதியையும் வரிசையாக. எழுத்துதான் எனக்கு வராது, எண் வரும். ‘இவற்றை நான் ஏற்ற மாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர் கையில் கொடுக்காமல், வெளியே அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ரேடியோ கேட்டைத் திறக்கவில்லை.

“உங்கள உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு. என் மேல கோவப்படாதீங்க.”

“கேட்டு அவங்களுது. ரோடு யாருது?”

“ரோடு பொது.”

“ஒரு ஸ்டூல் குடு.”

கேட்டுக்கு எதிரே ரோட்டோரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பிரஷ் மடியில். சீட்டில் மேனேஜரே கையெழுத்துப் போட்டு அனுப்பிய முதல் லாரி வெளியே வந்தது, நின்றது. டிரைவர் இறங்கி, பின்கதவைத் திறந்து, “ஒரு தடவ தடவிப் பாத்துருங்க” என்றான். அடுத்ததும் நின்றது. அதற்கடுத்தது நிற்கவில்லை. போகட்டும், அவன் தலை அவனுக்கு. பட்டி பார்த்த பதினொன்றும் சுவரோரம் சங்கிலியில் அப்படியே நின்றன, தோளைக் காட்டிக்கொண்டு. மருமகன் போனில் படம் இருக்கிற வரைக்கும் அவற்றுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க யாருக்கும் துணிச்சல் வராது. மேனேஜர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு மருமகன் வண்டி லோடோடு வெளியே வந்தது. சவாரி கைவிட்டுப் போகவில்லை போலிருக்கிறது, இல்லாவிட்டால் அன்றைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. கேட்டைத் தாண்டி என் எதிரே நிறுத்தினான். ஏறிப் பார்த்தேன்.

“ரேடியோ,” என்று கத்தினேன், “டிரைவர்கிட்ட சொல்லு, இந்த மூலையில சங்கிலி தளர்வா இருக்கு.”

“நேராவே சொல்லுங்க மாமா. ரேடியோ டீ குடிக்கப் போயிட்டான்.”

திரும்பிப் பார்த்தேன். போயிருக்கவில்லை. கேட்டிலேயே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தளர்வா இருக்கு மாப்பிள்ளை. இறுக்குங்க.”

அவன் இறுக்கினான். நான் அடுத்த சிலிண்டரின் தோளில் கட்டைவிரலை வைத்தேன்.