தாபோடியில் தங்கிய பிள்ளையார்

சியாமளா புனேயைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அந்த ஊரில் அவளுக்கு யாரையும் தெரியாது என்பதுதான். கும்பகோணத்தில் தபால் அலுவலக வேலையும் படுக்கையில் கிடந்த அம்மாவுமாக அவள் வயது கழிந்துவிட்டது. போன வருஷம் அம்மா காலமானாள். இந்த வருஷம் வேலையிலிருந்தும் ஓய்வு. யாரும் வழி பார்த்துக் காத்திருக்காத நாலு தெருக்களில் சும்மா நடக்க வேண்டும் என்று தோன்றியது.

"ஊர் சுத்தற வயசாக்கா இது? காசி, ராமேஸ்வரம்னா சரி. புனேல என்ன இருக்கு?" என்றான் தம்பி விச்சு.

"தெரியல. அதான் போறேன்."

கூடவே பிள்ளையாரும் புறப்பட்டார். பெருவிரல் உயரப் பித்தளைப் பிள்ளையார். தினம் அந்தியில் அவருக்கு ஒரு விளக்கும் ஒரு வாழைப்பழமும் தவறியதில்லை. பூட்டிய வீட்டில் அவரை எப்படிப் பட்டினி போடுவது? பழைய வேட்டியில் கிழித்த வெள்ளைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

புனேயின் நிக்டி பகுதியில் ஒரு மாடி அறை கிடைத்தது. காலையில் மரங்கள் அடர்ந்த அகலமான தெருக்களில் நடந்தாள். தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பூங்கா பெஞ்சுகளில் உட்கார்ந்து அரட்டையடித்தார்கள். ஒரு தள்ளுவண்டியில் சூடாக போஹா வாங்கிச் சாப்பிட்டாள். நம் ஊர் அவல் உப்புமாதான், எலுமிச்சையைக் கொஞ்சம் தாராளமாகப் பிழிகிறார்கள். மறுநாள் பஸ் பிடித்து விஷ்ராந்த்வாடி போனாள். மதியம் கடைகளெல்லாம் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கின. தையல்கடைக்காரி ஒருத்தி மட்டும் பாதி ஷட்டரைத் தூக்கி அவளை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பேச இருவருக்கும் பொது மொழி இல்லை. தண்ணீருக்கு மொழி தேவைப்படவும் இல்லை. அங்கிருந்து ஆலந்திக்குப் பஸ் போகிறது, ஆற்றங்கரையில் சாயங்கால பஜனை நடக்கும் என்று கண்டக்டர் இந்தியில் சொன்னார். மனம் இழுத்தது. ஆனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்ப முடியாது. வேண்டாம் என்று கையசைத்துவிட்டாள்.

அதற்கடுத்த நாள் லோக்கல் ரயிலில் தாபோடி. பிள்ளையாரை அறையில் தனியாக விட மனம் வராமல் தினமும் பையிலேயே கொண்டுபோவாள். அன்று பையில் இன்னொரு பொட்டலமும் இருந்தது: அவருக்குச் சாத்திக் களைந்த பூக்கள், அதே வேட்டியின் இன்னொரு துண்டில். சாமிக்குச் சாத்திய பூ கால்படும் இடத்தில் விழக்கூடாது என்பதால், நல்ல இடம் தேடிச் சுமந்துகொண்டிருந்தாள். தாபோடியில் ஆற்றுக்குப் பக்கத்தில், அரசமரத்தடியில், பூஜை செய்த பூக்களைப் போடுவதற்கென்றே ஒரு பச்சைத் தொட்டி இருந்தது. இந்த ஊரில் இதற்கும் ஒரு இடம் வைத்திருக்கிறார்களே என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பாலத்தின் மேல் ரயில் ஒன்று போனது. அதைப் பார்த்துக்கொண்டே பைக்குள் கையை விட்டு, பொட்டலத்தை எடுத்துத் தொட்டியில் போட்டு, கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அந்தியில் நிக்டி அறையில் விளக்கைத் துடைத்து வைத்துத் துணியைப் பிரித்தபோது, உள்ளே வாடிய சாமந்தி.

சியாமளா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தானே தன் கையால் அவரைத் தொட்டியில் போட்டுக் கும்பிட்டும் இருக்கிறாள். விச்சுவுக்கு போன் செய்ய நினைத்து, வேண்டாம் என்று விட்டாள். பிள்ளையார் இல்லாத இடத்தின் முன்னால் விளக்கை ஏற்றி, அன்று அவளும் சாப்பிடாமல் படுத்தாள்.

விடிந்ததும் கிடைத்த ரயிலைப் பிடித்தாள். தொட்டி சுத்தமாகக் காலியாக இருந்தது. பக்கத்தில் பூ விற்ற பெண், வண்டி வந்து எல்லாவற்றையும் எடுத்துப்போய்விட்டது என்று கையை ஆட்டிக் காட்டினாள். வண்டி எங்கே போகும்? அவள் உதட்டைப் பிதுக்கினாள். சியாமளா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையாரப்பா, என்ன காரியம் பண்ணிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பூ வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்தாள். "தமிழாக்கா? இன்னா ஆச்சு?"

சியாமளா நடந்ததைச் சொன்னாள். "அவரத் தூக்கிப் போட்டதுகூடப் பரவால்லம்மா. மன்னிச்சிடுவார். ராத்திரி பூரா குப்பையில பட்டினியா கெடந்தாரேன்னுதான்..."

அந்தப் பெண்மணியின் கை பூப்பையில் அசையாமல் நின்றது. "எப்டி இருப்பாரு?"

"கட்டை விரல் அளவு. பால் சொம்பு விழுந்து தும்பிக்கை நுனி கொஞ்சம் நசுங்கியிருக்கும்."

அவள் ஆற்றின் பக்கம் திரும்பினாள். தெரியாது என்று சொல்லிவிட்டுப் போக வழி திறந்துதான் இருந்தது. அவள் போகவில்லை. "என் பேரு ராஜி. வூட்டுக்காரரு மிலிட்டரி காலேஜ்ல வேலை. வீடு பக்கந்தான், வாங்கக்கா" என்றாள்.

சமையலறை மூலையில் ஒரு சின்ன மாடம். படங்களுக்கு நடுவில், எல்லாரையும்விட முன்னால், செம்பருத்தி சூடிப் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். விளக்கு எரிந்தது. எதிரே நெய் மினுமினுக்கும் ரவை ஷீரா, நம் ஊர் கேசரிதான், இன்னும் ஆவி அடங்கவில்லை.

"நேத்து சாயங்காலம் பூ போடப் போனேன். தொட்டியில துணி கெடந்துச்சு. துணி போடக்கூடாதுன்னு எடுத்துப் பிரிச்சேன், இவரு. அங்க ஆஸ்பத்திரில எம்பொண்ணு வைஷு பிரசவ வலியில துடிச்சிக்கினு இருந்தா. ஆபரேஷன்தான்னு சொல்லிட்டாங்க. இவர வச்சி விளக்கேத்தி, வெல்லம் படைச்சிட்டு ஓடுனேன். விடியக்காலம் நல்லபடியா பொறந்திருச்சு. பொண்ணு. ஏதோ எனக்காக வந்த சாமின்னு நெனச்சேன்." ராஜி மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரித்தாள். "பாத்தா டூரிஸ்ட் சாமி."

சியாமளாவுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே, நேற்று அந்தியிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அவர் பட்டினி கிடக்கவில்லை. அவள் போட்டிருக்கக்கூடிய வாழைப்பழத்தைவிட நல்ல சாப்பாடுதான். தவறு செய்தவளுக்கே தெரியாமல் அந்தத் தவறை வேறு ஒரு கை வாங்கிக்கொண்டிருந்தது. கடவுள் பெரும்பாலும் அப்படித்தான் காப்பாற்றுகிறார், பக்கத்து மனிதரின் கையை இரவல் வாங்கி.

ராஜி அவரை எடுத்து, துவைத்து மடித்த அந்த வெள்ளைத் துணியில் வைத்து நீட்டினாள். நீட்டும்போதும் அவள் கண் அவர்மேலேயே இருந்தது.

சியாமளா வாங்கிக்கொண்டாள். நசுங்கிய தும்பிக்கையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மாடத்தில், இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு ரயில். அன்னிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் இங்க இருக்கட்டும். உங்க பேத்தி வீட்டுக்கு வர்றப்போ அவர் இருக்கணுமில்ல?"

"நெசமாவாக்கா? அப்ப உங்களுக்கு?"

"எனக்கு அவர் லீவு குடுத்திருக்கார்னு வச்சுக்குங்க."

"லீவுல போறவங்க சாப்ட்டுட்டுப் போவணும்" என்று ராஜி ஷீராவைத் தட்டில் வைத்தாள். முதல் நாள் இரவுப் பசியும் சேர்ந்திருந்தது. சியாமளா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அன்று மத்தியானம் விஷ்ராந்த்வாடியில் அவள் ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் வேறு யாரோ. ஆனால் பஸ் ஆலந்திக்குத்தான் போனது. இந்திராயணி ஆற்றங்கரைப் படியில் யாரோ நகர்ந்து இடம் கொடுக்க, உட்கார்ந்தாள். தாளக் கட்டைகள் ஒலிக்கத் தொடங்கின. வெளிச்சம் மெல்ல ஆற்றை விட்டுப் போனது. விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்கு வெளியே அவள் சும்மா உட்கார்ந்து எத்தனையோ வருஷங்கள் ஆகியிருந்தன.

இந்நேரம் ராஜி திரியைத் தூண்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கால்களையும் தண்ணீருக்குள் நீட்டினாள்.