ஊசித்துளை

ஒன்பதரைக்குத் தேர்வுக்கூடக் கதவை அடைத்துவிடுவார்கள். நாமக்கல்லுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போதே நந்தகுமாரின் பழைய காரில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. நிறுத்திவிட்டு ரேடியேட்டர் மூடியில் கைவைக்கப் போனான்.

“ஏனுங்க, மூஞ்சிய வேக வெச்சுக்கப் போறீங்களா?” என்று தடுத்தாள், தேர்வெழுதப் போகும் மனைவி இலக்கியா.

ஆறவிட்டுப் பார்த்தான். குழாய்கள் காய்ந்திருந்தன, ரேடியேட்டரின் அடியில்தான் ஊசித்துளை. துளையை அடைக்க லாரிக்காரர்கள் செய்வதுபோல், எதிர்க்கடையில் மஞ்சள்தூள் வாங்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மூடியை இறுக்கி எஞ்சினை ஓடவிட்டான். மஞ்சளாகச் சொட்டியது.

தூரத்தில் பஸ் வந்தது. “அதுல ஏறிக்கட்டுங்களா?”

“ஒரு நிமிசம் பொறு சாமி.”

பஸ் கடந்து போய்விட்டது. அவன் குனிந்தபடி இருபது வரை எண்ணினான். அடுத்த சொட்டு விழவில்லை.

ஒன்பது இருபத்தெட்டுக்கு அவள் உள்ளே ஓடினாள். காவலாளி கதவைச் சாத்திய பிறகுதான் நந்தகுமார் எஞ்சினை அணைத்தான்.