மூன்று கிளை விழுந்தால்

தலைமையாசிரியர் கைலாசம் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கதை முடிந்த பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வீட்டு டிவி ரிமோட்டில் வாங்கும்போது இருந்த பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்காத மனுஷர் அவர். குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் அந்த அரசுப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியபோது பச்சைப்பிள்ளையை வாங்குவது போல ஒவ்வொன்றாகக் கையில் வாங்கினார். எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டி, ஜன்னலை அடைத்து, அறையைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். ஒரு மவுஸ் காணாமல் போனாலும் தணிக்கையில் கைகட்டி நிற்க வேண்டியவர் அவர்தானே.

வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜையன்று, அறை திறக்கும். திரைக்குத் திரை சந்தனமும் குங்குமமும் வைத்து, கீபோர்டுக்கு முன்னால் பொரியும் கடலையும் பரப்பி, சூடம் காட்டுவார்கள். பிறகு மறுபடி உறை, மறுபடி பூட்டு. கும்பிட்ட கையோடு ஒரு சுவிட்சைத் தட்டிப் பார்ப்போம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

கம்ப்யூட்டர் டீச்சர் ஜெயசித்ரா கரும்பலகையில்தான் கம்ப்யூட்டர் நடத்தினாள். நீச்சலைத் தரையில் படுக்கவைத்துச் சொல்லித்தருகிற பிழைப்பு. எண்களை வரிசைப்படுத்தும் பாடத்துக்குப் பிள்ளைகளையே மைதானத்தில் நிறுத்தி, பக்கத்தில் நிற்பவளைவிட உயரமானவள் இடம் மாறு, மாறு என்று கத்துவாள். பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்காது. அவளுக்கு மட்டும் உள்ளே எரியும்.

சாவிக்காக அவள் கைலாசத்திடம் சண்டை போடாத மாதம் கிடையாது. எல்லாப் பிள்ளையும் இதைப் படித்துவிட்டுப் பெங்களூருக்குப் போகவேண்டும் என்பதற்காக அவள் கேட்கவில்லை. இந்தப் பள்ளியில் தப்பாகப் பதில் சொன்னால் ஒன்று திட்டு விழும், இல்லையென்றால் வகுப்பே சிரிக்கும். அதனால் பாதிப் பிள்ளைகள் வாயைத் திறப்பதே இல்லை. அந்த இயந்திரம் சிரிக்காது, வீட்டில் போய்ச் சொல்லாது. தப்பென்றால் தப்பென்று காட்டிவிட்டு, திருத்திக் கொண்டு வா என்று சும்மா இருக்கும். எத்தனை தடவை போனாலும் முகம் சுளிக்காது. பள்ளிக்கூடத்தைத் தாண்டுவதற்குள் ஒரு பிள்ளை இதை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டாமா என்பதுதான் அவள் கேள்வி.

"நீங்க சொல்லுததெல்லாம் சரிதான் டீச்சர். கெட்டுப்போச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?" என்பார் கைலாசம். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

மஞ்சு அந்த வாயைத் திறக்காத பாதியைச் சேர்ந்தவள். அவள் அம்மா சீசனில் ஐந்தருவிப் பக்கம் ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்கிறாள். பத்தாவது முடித்த மஞ்சுவைக் கடையில் உட்காரவைக்கத்தான் இருந்தார்கள். பதினொன்றில் கம்ப்யூட்டர் குரூப் என்று தனிப் பிரிவு வரப்போகிறது, படித்தால் வேலை கிடைக்கும் என்று ஜெயசித்ரா வீடு வரைக்கும் போய்ப் பேசித்தான் சேர்த்தாள். குரூப் வராவிட்டால் பிள்ளையை நிறுத்திவிடுவோம் என்று அம்மா அப்போதே கறாராகச் சொல்லியிருந்தாள். குரூப்புக்கு அனுமதி தர மேலதிகாரி ஒருவர் வந்து பார்க்க வேண்டும்.

அவர் வருவதற்கு முந்தின நாள் மஞ்சு சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதிவிட்டாள். ஐந்தருவியில் எத்தனை கிளையில் தண்ணீர் விழுகிறது என்று கேட்கும். மூன்றுக்கு மேல் என்றால் கூட்டம் வரும், இரண்டு கூடை பழம் கொண்டு போ. மூன்றுக்குக் கீழ் என்றால் ஒரு கூடை போதும். அவ்வளவுதான். கரும்பலகையில் எழுதிவிட்டு டீச்சர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். சரியாக மூன்று விழுந்தால் என்ன செய்வது என்று அதில் இல்லை. கம்ப்யூட்டர் எதுவும் சொல்லாமல் நிற்கும். ஜெயசித்ரா பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் சொல்லவில்லை. நாளைக்கு அதிகாரிக்காக அறை திறந்ததும் மஞ்சு தானே மூன்று என்று தட்டிப் பார்த்து, தானே முழித்து, தானே திருத்த வேண்டும் என்று அந்தத் தப்பைப் பத்திரமாக விட்டுவைத்தாள்.

மறுநாள் சாரல் நன்றாகப் பிடித்திருந்தபோது அதிகாரி வந்தார். சீசன் வந்தால்தானே இந்தப் பக்கத்துப் பள்ளிகளின் ஞாபகம் வரும். கார் பின்சீட்டில் துண்டும் சோப்பு டப்பாவும் இருந்தன. கைலாசம் சட்டைப்பையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சாவியை எடுத்தார்.

கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை ஆளைத் தள்ளியது. உறைகளின் உட்புறம் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. இத்தனை சாரலின் ஈரமும் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கிடந்திருக்கிறது. பொரிக்கு வந்த எலிகள் வயர்களைக் கடித்துத் துண்டாக்கி, மேசைக்கு அடியில் கூடு கட்டிக் குட்டியும் போட்டிருந்தன. சுவிட்சைப் போட்டார்கள். ஒரே ஒரு திரை மட்டும் லேசாக வெளுத்தது. பிறகு கருகிய நாற்றம் வந்தது, அதுவும் அணைந்தது. குங்குமப் பொட்டு மட்டும் பளிச்சென்று இருந்தது.

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வகுப்புக்கு வந்தார். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மஞ்சு எழுந்து வரி வரியாகச் சொன்னாள். அவள் அத்தனை நேரம் பேசி ஜெயசித்ரா பார்த்ததே இல்லை.

"இது ஓடுமா?"

"தெரியாது சார். ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்னு டீச்சர் சொன்னாங்க."

அவர் சிரித்துவிட்டு, ஒரு கம்ப்யூட்டரும் ஓடாத இடத்தில் குரூப் எதற்கு, வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடலாம் என்று கைலாசத்திடம் சொன்னார். பிறகு அருவிக்குப் போய்விட்டார். கைலாசம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேள டீச்சர், பிள்ளைகள தொட விடல. விட்டிருந்தோம்னா நாமதான் கெடுத்தோம்னு எழுதிருப்பாரு," என்றார். அதை அவர் மனதாரச் சொன்னார். ஜெயசித்ராவுக்கு அவரைத் திட்டக்கூடத் தெம்பில்லை.

எல்லாரும் போன பிறகும் மஞ்சு பலகைக்கு முன்னால் நின்றாள். "நான் எழுதுனது சரிதானா டீச்சர்?"

திருத்திச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் கடைக்குப் போகப்போகிற பிள்ளையைத் தப்போடு அனுப்ப ஜெயசித்ராவுக்கு மனசு வரவில்லை. "சரியாத்தான்ட்டி இருக்கு," என்றாள். மஞ்சு தலையை ஆட்டிவிட்டு, டஸ்டரை எடுத்துத் தானே அழித்தாள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

இரண்டு ஞாயிறு கழித்து, மனசு கேட்காமல் ஜெயசித்ரா ஐந்தருவிக்குப் போனாள். கடை வரிசையில் மஞ்சு கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்தாள். காசு வேண்டாம் என்று ஒரு கை ரம்புட்டானை அள்ளிப் பையில் போட்டாள். எப்படியிருக்கிறாய் என்று கேட்க ஜெயசித்ரா வாயெடுப்பதற்குள் மஞ்சுவே ஆரம்பித்தாள்.

"டீச்சர், இன்னைக்கு மூணு கிளைதான் விழுது. காலையில எத்தன கூட எடுக்கன்னு மனசுக்குள்ளயே ஓட்டிப் பாத்தேன். அது ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கு."

ஜெயசித்ரா தலையைத் தூக்கி அருவியைப் பார்த்தாள். மேலே மூன்று கிளைகளும் இரைந்துகொண்டிருந்தன. மஞ்சு இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சரின்னுதான சொன்னீங்க, டீச்சர்?"

அதற்குள் யாரோ கிலோ என்ன விலை என்று கேட்டார்கள். மஞ்சு தராசை எடுத்தாள்.