கொரியாவுக்கு நாற்பது சட்டை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் புதுநன்மைச் சட்டை தைப்பதில் என்னை வெல்ல ஆளில்லை. இதை நானே சொல்லிக்கொள்கிறேன் என்று பக்கத்து வீட்டு டோரின் சிரிப்பாள். அவளுடைய மகள் கோயிலில் முதன்முதலாக நன்மை, அதாவது நற்கருணை, வாங்கியபோது போட்டிருந்ததும் நான் தைத்த சட்டைதான்.

ஐம்பத்தோராம் ஆண்டு, கொரியாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சுவாமியார் பிரசங்கத்தில் அழாக்குறையாகச் சொன்னார். அங்கே ஒரு கன்னியர் மடத்தில் தாய் தகப்பனை இழந்த பெண்பிள்ளைகள் நாற்பது பேர் இருக்கிறார்களாம். மாற்றி உடுக்க ஒன்றுமில்லையாம். நவம்பர் கடைசியில் ஒரு கப்பல் போகிறதாம். பூசை முடிந்த கையோடு நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"நாற்பதையும் நான் தைக்கிறன், சுவாமி."

கோயில் மாதர் சபையில் வேறு யாரும் வாயைத் திறக்க முன்னமே சொல்லிவிட்டேன். என் சுபாவம் அப்படி.

மெல்லிய வெள்ளை வொயில் துணி, பஃப் கை, கழுத்தில் பூப்பின்னல் ரேந்தை, இடுப்பில் நாடா. இரண்டு கிழமை, பதினாலு நாளும், மெஷினை விட்டு எழும்பவில்லை. என் புருஷன் ஹியூபேட்டுக்கு மூன்று நேரமும் பாணும் சம்பலும்தான். பாவம் அந்தப் பிள்ளைகள், ஒருநாளாவது வானத்துச் சம்மனசு மாதிரி இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

நாற்பதும் முடிந்ததும் இஸ்திரி போட ஆறாயியைக் கூப்பிட்டேன். அவள் மலைநாட்டில் அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணம் கட்டிக் கொழும்புக்கு வந்து, எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக உடுப்புத் தோய்த்து இஸ்திரி போடுகிறாள். பத்துச் சட்டை முடித்தவள் கையிலிருந்த ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மா, அந்த ஊருல குளிருமுன்னாங்களே?"

"ஓம், குளிரும். மார்கழியில இஞ்சயும்தான் குளிருது."

"இது அந்தக் குளிரு இல்லீங்க. இதப் போட்டா புள்ளைக வெறச்சுப் போயிருமுங்க."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "நீ இஸ்திரி போட வந்தனியா, எனக்குப் புத்தி சொல்ல வந்தனியா?" என்று கத்தினேன். அவள் மிச்சம் முப்பதையும் தேய்த்து வைத்துவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

ஹியூபேட்டுக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பலில் வரும் ஆட்டிறைச்சியை வைக்கிற ஐஸ் கிடங்கில் வேலை. அவரிடம் சொல்லிக் குமுறினால் ஆறுதலா சொன்னார்? விழுந்து விழுந்து சிரித்தார்.

"நாளைக்கு என்ர ஐஸ் அறைக்கு வா. உந்த வொயிலில ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் நில், பாப்பம்."

"பத்தென்ன, அரை மணித்தியாலம் நிப்பன்!"

மறுநாள் மிஞ்சிய துணியில் தைத்த ரவிக்கையோடு போனேன். கதவைச் சாத்தினார்கள். செபமாலை முழுவதையும் மணி மணியாகச் சொல்லி முடிப்பது என் எண்ணம். மூன்றாவது 'அருள் நிறைந்த மரியே' செபம் வரும்போது பல் தாளம் போடத் தொடங்கியது. ஐந்தாவதில் விரல் எங்கே, மணி எங்கே என்று தெரியவில்லை. கதவைத் தட்டியதில் கிடங்கே அதிர்ந்ததாம். வெளியே வந்தபோது வேலையாட்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நாற்பது பிள்ளைகளைக் கொல்லப் பார்த்தேனே!

அங்கிருந்து நேரே புறக்கோட்டைக்குப் போய்க் கடை கடையாக ஏறினேன். கொழும்பு வெயிலில் கம்பளித் துணி கேட்டால் யார் வைத்திருப்பான்? ஒரு முதலாளி, "நோனாட்ட உணத?" என்று, அம்மாவுக்குக் காய்ச்சலா எனச் சிங்களத்தில் விசாரித்தான். கப்பலுக்கு இன்னும் மூன்று கிழமைதான்.

பின்னேரம் தண்ணீர்க் குழாயடியில் ஆறாயியைப் பிடித்தேன்.

"ஆறாயி, நான் ஒரு மூளையில்லாத விசரி. நீ சொன்னது சரி. இப்ப நான் என்ன செய்ய?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். கோபம் இருந்ததோ என்னவோ, காட்டவில்லை. "எங்க தோட்டத்துல ஆளுக்கொரு கம்பளி வச்சிருப்பாங்க. கிழிசல் இருந்தா அனுப்பச் சொல்லி எங்க அண்ணன் காளியப்பனுக்கு எழுதுங்க. அதுல கோட்டு தைக்கலாம். கம்பளி மேலுல சொறியும். ஒங்க வெள்ளச் சட்டய உள்ளுக்கு வச்சுத் தச்சா புள்ளைகளுக்கு எதமா இருக்கும்."

என் ரேந்தையெல்லாம் ஒருவர் கண்ணிலும் படாமல் உள்ளே போகப்போகிறது. வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அன்றைக்கே எழுதிப் போட்டேன்.

பன்னிரண்டு நாள் ஒரு பதிலும் இல்லை. தபால்காரன் என்னைக் கண்டாலே சைக்கிளைத் திருப்புவான். பதின்மூன்றாம் நாள் ரயிலில் வந்த ஒரு சாக்கு மூட்டையை ஹியூபேட் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். டோரினும் ஆறாயியும் ஓடிவந்தார்கள். அவிழ்த்தபோது வீடு முழுக்க விறகுப் புகை வாசம். கறுப்புக் கம்பளிகள், இருபத்திரண்டு. ஒன்றில் இரண்டு கோட்டு வெட்டலாம். நாற்பது பிள்ளைகளுக்கும் தாராளம்! நானும் டோரினும் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினோம்.

பிறகுதான் ஒவ்வொன்றாய் விரித்துப் பார்த்தேன். கிழிசல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் நல்ல கம்பளி, நேற்றுவரை போர்த்தியிருந்தது. ஓரங்களில் சிவப்பு நூலால் மயிலம்மா, அழகர் என்று பெயர்கூடப் போட்டிருந்தது.

"ஆறாயி, கிழிசலைத்தானே கேட்டம்? இனி அந்தச் சனம் என்னத்தைப் போர்க்கும்?"

"அங்க அடுப்பு இருக்குதுங்க. ஆத்தா, அப்பன், புள்ளைகன்னு எல்லாரும் ஒண்ணா ஒட்டிப் படுத்துக்குவாங்க." கம்பளியை என் மேசையில் போட்டுக் கையால் நீவிவிட்டாள். "இந்தப் புள்ளைகளுக்கு ஒட்டிப் படுக்க ஆரும்மா இருக்கா?"

அழுதுகொண்டே கத்தரிக்கோலைத் தேடியெடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"முதல் வெட்டு நீ வெட்டு" என்றேன்.