மூன்றாவது பகுதி

"டாக்டர் என்னடா சொன்னாங்க?" என்று மாமியார் கேட்டதும், செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கணவன் நிமிராமலே, "இன்னும் ஏதோ டெஸ்ட் பாக்கணுமாம்மா" என்றான். தோளில் தூங்கிப்போன மகளைப் படுக்கையில் கிடத்திவிட்டு வந்த அவள் காதில் அது விழுந்தது. அப்படியே நின்றுவிட்டாள்.

மகளுக்கு வயது நான்கு. பார்ப்பவர்கள் எட்டு என்பார்கள். எலும்புகள் வளர்ந்துகொண்டே இருந்தன. மூட்டு வலியில் பிள்ளை அழும்போதெல்லாம் மாமியார் சுவரைப் பார்த்துச் சொல்வாள்: "எங்க பக்கத்துல இப்படி ஒண்ணு கிடையாது. இது யாரு வழியோ." அவளும் தன் சித்தி, பெரியம்மா பிள்ளைகளின் உயரத்தையெல்லாம் மனதுக்குள் அளந்து பார்த்து ஓய்ந்திருந்தாள்.

காலையில் மரபணு டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். வளர்ச்சி மரபணுக்களை முடுக்கிவிட ஒரு புரதம் உண்டு. அதில் ஒரு பகுதி டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும்; இன்னொன்று மரபணுவை முடுக்கும்; மூன்றாவது மடிந்து வந்து, வேண்டாத நேரத்தில் அந்த இரண்டாவதைப் பொத்திப் பிடிக்கும். மகளுக்கு அந்த மூன்றாவது பகுதி இல்லை.

"லிஃப்ட்ல பிரேக் இல்லாத மாதிரியா டாக்டர்?" என்று கேட்டதே கணவன்தான். லிஃப்ட் மெக்கானிக்.

"ஆமா. இந்தக் குறை உங்ககிட்ட இருந்துதான் வந்திருக்கு. உங்க உடம்புல சில செல்கள்ல மட்டும் இருக்கு. அதனால வெளிய தெரியல."

அவன் தலையாட்டினான். எல்லாம் புரிந்த தலையாட்டல்.

"என்ன டெஸ்ட்?" என்றாள் இப்போது.

"அப்புறம் பேசலாம். அம்மாவுக்கு பிரஷர்…"

"எனக்கு ஒண்ணும் இல்லையா? நாலு வருஷமா வாங்கிக் கட்டிக்கிட்டேனே! அங்க பிரேக்குன்னு கேக்கத் தெரிஞ்சுது இல்ல? அதையே இங்க சொல்லுங்க."

அவன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளே சொன்னாள். மூன்று பகுதிகளையும், ஒன்றுவிடாமல், மாமியாரின் முகத்துக்கு நேராக.

"உங்க பிள்ளைகிட்ட இருந்துதான் அத்தை. யார் தப்பும் இல்ல. ஆனா என் வழி இல்ல."

மாமியார் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு மகனின் கையை இழுத்து மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "அப்ப இவனுக்கு ஒண்ணும் ஆயிடாதே?" என்றாள்.

அவள் இருவரையும் விட்டுவிட்டு உள்ளே போனாள். மகள் குறுக்காகப் படுத்திருந்தாள். போர்வைக்கு வெளியே பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. காலுக்கு இழுத்தாள், தோள் வெளியே வந்தது. தோளுக்கு இழுத்தாள், கால் வந்தது. மறுபடி இரண்டு கைகளாலும் இழுத்தாள். ஓரத்தில் தையல் விடும் சத்தம் கேட்டது. விடாமல் இழுத்தாள்.