வலது இடுப்பில் ஒரு புள்ளி

எலும்பு ஸ்கேன் என்றாலே எனக்கு ஆகாது. சிறுநீரகத்துக்கு, கதிர் வீசும் மருந்து ஊசியில் ஏறும்போதே கேமராவை ஓடவிட வேண்டும். தைராய்டுக்கு இருபது நிமிடம் போதும். எலும்பு மட்டும் மருந்தை உறிஞ்சச் சாவகாசமாக மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டு வருடம் எக்ஸ்ரே அறையில் "மூச்சைப் பிடிங்க, விடுங்க" என்று ஆளை அனுப்பிப் பழகிவிட்டு, நாற்பது வயதில் இந்த ஸ்கேன் படிப்புக்கு வந்திருக்கிறேன். காத்திருக்கிற நேரமெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளாது.

சொல்லித்தருகிறவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். நான் அவளை டீச்சர் என்பேன். அவள் என்னை அக்கா என்பாள், அதில் மரியாதையைவிட நக்கல்தான் தூக்கல். போன வாரம் ஒரு அம்மாவின் தொடையில் கறுப்புப் புள்ளி தெரிந்ததும் பதறியடித்து டாக்டரை இழுத்து வந்துவிட்டேன். அது புற்று இல்லை. மருந்து சிறுநீரோடு வெளியேறும். ஒரு சொட்டு துணியில் பட்டாலும் படத்தில் கறுப்பாக விழும். உடையை மாற்றியதும் புள்ளி மாயமாகிவிட்டது.

"ஒரு சொட்டு மூத்திரத்துக்கு ஊரையே கூட்டிட்டீங்களேக்கா!" என்றாள் டீச்சர். வாரம் முழுக்க எல்லோரும் அதைச் சொல்லியே சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று வந்தவர் பஸ் டிரைவர். ப்ராஸ்டேட்டில் புற்று. எலும்புக்குப் பரவாமல் இருந்தால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், பரவியிருந்தால் அதற்கு வழியில்லை.

"வண்டி பாஸாகுமான்னு பாருங்கம்மா," என்று சிரித்துக்கொண்டே படுத்தார்.

படம் தலையிலிருந்து வரிவரியாக இறங்கியது. மண்டை சுத்தம். முதுகெலும்பு சுத்தம். வலது இடுப்பில் ஒரு கறுப்புப் புள்ளி. டீச்சர் பக்கத்து அறையில் இருந்தாள். டிரைவர் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்துவிட்டார்.

"அது என்னம்மா?"

முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது முதல் நாள் பாடம். ஆனால் போன வாரச் சிரிப்பு இன்னும் காதிலேயே இருந்தது. இந்த முறை பதறக்கூடாது என்று வீம்பாக இருந்தேன்.

"ஒண்ணுமில்லண்ணே, துணியில மூத்திரம் பட்டிருக்கும். பாத்ரூம் போய் நல்லா கழுவிட்டு, வேற கவுன் போட்டுட்டு வாங்க."

அவருக்கு உயிர் வந்தது. கதவுக்கு வெளியே அவர் குரல் கேட்டது. "வெறும் மூத்திரமாம்டி! பையனுக்குப் போன் போடு." அவர் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

திரும்ப வந்து படுத்தார். இடுப்பை மட்டும் எடுத்தேன். பக்கவாட்டிலும் எடுத்தேன். புள்ளி அசையவில்லை, எலும்போடு எலும்பாக அங்கேயே இருந்தது.

டீச்சர் வந்து திரையைப் பார்த்தாள். நக்கல் எதுவும் வரவில்லை.

"அக்கா, அவர்கிட்ட எதுவும் சொல்லலையே?" என்று காதோரம் கேட்டாள்.

அதற்குள் டிரைவர் எழுந்து உட்கார்ந்தார்.

"போயிடுச்சுல்லம்மா?"

"டாக்டர் சொல்லுவாருண்ணே," என்றேன்.

கவுன் நாடாவை முடிந்துகொண்டிருந்த கை நின்றது. வெளியே அவர் மனைவி போனில் யாரிடமோ உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்ப மட்டும் நீங்களே சொன்னீங்களேம்மா," என்றார்.