கால்மாட்டுக் கதிரை

உடம்பில் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று ஸ்கான் அறையின் வாசலில் வைத்து வினோஜா கேட்டபோது சஜீவன் சிரித்துவிட்டான். அக்கராயனில் இருந்து விடியுமுன் புறப்பட்டு, பெரியாஸ்பத்திரியின் நீண்ட விறாந்தைகளில் மகளைத் தோளிலும் மடியிலும் மாற்றி மாற்றிச் சுமந்து, கடைசியில் அந்தக் கனத்த கதவுக்கு முன்னால் வந்து நின்ற களைப்பில் பிறந்த சிரிப்பு அது.

"என்ன மிஸ் இப்பிடிக் கேக்கிறியள்? என்னைப் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் குடுத்தாலே ஒரு கிழமைச் சாப்பாட்டுக்குக் காணும். ஷெல் துண்டு தொடையிலயும் கிடக்கு, இடுப்பிலயும் கிடக்கு. எங்கட வீட்டில சுத்தமான ஆள் இவதான்" என்று மனைவி சுதர்சினியைக் காட்டினான்.

உள்ளே இருப்பது ஒரு மாபெரும் காந்தம் என்று வினோஜா விளக்கினாள். இயந்திரத்தை இயக்கிப் படம் எடுப்பவள் அவள்தான். விளக்கை அணைத்தாலும், ஆட்கள் வீட்டுக்குப் போனாலும், அந்தக் காந்தம் மட்டும் உறங்குவதில்லை. பிள்ளையோடு பெரியவர் ஒருவர் உள்ளே போகலாம். பிள்ளை கிடக்கிற மேசையின் கால்மாட்டில் ஒரு மரக் கதிரை போட்டிருக்கிறது. அதில் இருந்தபடி பிள்ளையின் பாதங்களைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் போகிறவரின் உடம்பில் இரும்பு இருந்தால் காந்தம் அதைக் கூப்பிடும். கூப்பிட்டால் அது போகப் பார்க்கும். நடுவில் இருக்கிற தசையும் நரம்பும் அதற்கு ஒரு பொருட்டல்ல.

மகள் யதுர்ஷிகாவுக்கு ஆறு வயது. சில மாதங்களாக விடியப்புறத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறாள், சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுக்கிறாள். ஒரு பக்கம் பார்க்கும்போது மற்றக் கண், தாயை விட்டுவிட்ட கன்றைப் போல, வேறெங்கோ போய்விடுகிறது. தலைக்குள் என்ன இருக்கிறதென்று பார்த்தே ஆகவேண்டும் என்று கிளினிக்கில் டொக்டர் சொல்லியிருந்தார். சின்னப் பிள்ளைகளை மயக்கித்தான் இந்தப் படம் எடுப்பது வழக்கம். இவளுக்கோ நெஞ்சு நிறையச் சளி. மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் காலையில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, கூடாது என்று தலையசைத்துவிட்டார். தானாக ஆடாமல் கிடந்தால் இன்றைக்கே எடுக்கலாம். கிடக்காவிட்டால் அடுத்த தவணை தைப்பொங்கல் கழிந்துதான். தைப்பொங்கல் வரைக்கும் விட்டுவைக்கிற காரியம் இல்லை இது என்று, பிள்ளைக்குக் கேட்காத குரலில் கிளினிக் டொக்டர் சேர்த்துச் சொன்னது சுதர்சினியின் காதில் இன்னும் இருந்தது.

அதற்காகவே ஒரு கிழமையாக வீட்டில் ஒரு விளையாட்டு நடந்துவந்தது. கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து மகளைக் கிடத்துவார்கள். சஜீவன் ஒரு வாளியைக் கவிழ்த்துவைத்து அகப்பைக் காம்பால் அடிப்பான். அடித்து முடியும் வரைக்கும் அவள் கண்ணிமையைத் தவிர வேறொன்றையும் அசைக்கக் கூடாது. ஆடாதை, அசையாதை என்று சொல்வதெல்லாம் சஜீவன்தான். சுதர்சினி காலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பாள். அந்த இரண்டு சொல்லும் அவளுடைய வாயில் வருவதில்லை. அடுப்பில் பால் கொதிக்கும்போது மகள் ஓடிவந்தாலும் அங்கால போ என்பாளே தவிர, ஆடாமல் நில் என்று சொல்ல மாட்டாள். ஏனென்று சஜீவன் கேட்டதில்லை. அந்தப் பகுதிக் குடும்பங்களில் ஒவ்வொருவருக்கும் சொல்லாத சொல் ஒன்று இருக்கும். வயலில் புற்று இருந்தால் அதைச் சுற்றி உழுவதைப் போல, மற்றவர்கள் அந்தச் சொல்லைச் சுற்றிப் போய்விடுவார்கள்.

சுத்தமான ஆள் என்ற சொல்லை வினோஜா அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சண்டையின் கடைசி நேரம் எந்தப் பக்கம் இருந்தீர்கள் என்று கேட்டாள். மாத்தளன் என்றாள் சுதர்சினி. காயம் பட்டதா என்றதற்கு, இல்லை என்றாள்.

"வன்னியில இருந்து வாற ஆக்களை ஒருக்கா எக்ஸ்ரே எடுத்துப் பாத்திட்டுத்தான் உள்ளுக்கு விடுறனாங்கள், அக்கா. குறை நினையாதேங்கோ."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று. திரையில் தெரிந்த விலா எலும்புகள், கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் உட்சட்டம் போல வரிசையாக நின்றன. இடப்பக்கத் தோள் பட்டைக்குக் கீழே, எலும்பையும் விட வெள்ளையாக, ஒரு நெல்மணி. எப்போது பட்டது என்று அங்கிருந்த டொக்டர் கேட்டார். படவில்லை என்று அவள் மறுபடியும் சொன்னாள். தாதி ஒருத்தி சட்டையை விலக்கி, முதுகில் மிளகளவாய்க் குழிந்திருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினாள். அது சண்டைக்குப் பிறகு முகாமில் அம்மாள் வருத்தம் வந்து கொப்புளித்தபோது விழுந்த தழும்பு என்றே சுதர்சினி இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

இரும்பு கிடந்த அந்த இடத்தை அவளுக்குத் தெரியும். தம்பி மதுசனின் நெஞ்சு அவளுடைய முதுகில் எங்கே படிந்திருந்ததோ, அந்த இடம்.

அப்போது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை, அவன் நாலு வயதுக் குழந்தை. பங்கர்க் குழிக்குள் அவனுடைய அழுகையை ஆற்றுவதற்காக, குளம் வற்றிப்போன ஓர் ஆமையின் கதையைத் தானாகக் கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதை நடுவழியில் நிற்கும்போது, எழும்பி ஓடச் சொன்னார்கள். தாய் தன்னுடைய சேலையால் அவனை இவளுடைய முதுகோடு சேர்த்துக் கட்டினாள். ஆடாதை, அசையாதை, கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டு கிட, மிச்சக் கதையைப் போகிற இடத்தில் சொல்லுகிறேன் என்று இவள் சொன்னாள். அவன் சொல்வழி கேட்கிற பிள்ளை. வழி முழுவதும் அவன் அசையவில்லை. சேலையை அவிழ்த்தபோது பார்த்தவர்கள், அக்காவுக்குக் கேடயமாய் இருந்துவிட்டுப் போய்விட்டான், அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்றார்கள். அவளுடைய முதுகில் இருந்த இரத்தம் முழுவதையும் அவனுடையது என்று எண்ணியே கழுவினார்கள்.

முழுவதும் அவனுடையது அல்ல என்று இந்தத் திரை சொல்லிற்று. அவனுக்குள்ளால் வந்தது இவளுக்குள் தங்கியிருந்தது. இவள் நெல் விதைத்தாள், கல்யாணம் முடித்தாள், பிள்ளை பெற்றாள். எங்கே போனாலும் ஒரு சத்தமும் போடாமல், அசையாமல், அது இவளுடைய முதுகிலேயே கிடந்திருக்கிறது.

சுதர்சினியை உள்ளே விட முடியாது என்று டொக்டர் சொன்னார். நுரையீரலுக்குக் கிட்ட இருக்கிறதாம். சஜீவன் பெண்டாட்டியின் தோளைத் தொடப் போன கையை, எங்கே தொடுவதென்று தெரியாதவன் போல இழுத்துக்கொண்டான். தாதி ஒருவரைத் துணைக்கு விடலாம் என்று வினோஜா சொன்னாள். யதுர்ஷிகா கண்ணாடிச் சன்னலில் மூக்கை வைத்து, உள்ளே இருந்த வெள்ளைக் குகையையும் அதன் முன்னால் இருந்த கதிரையையும் நெடுநேரம் பார்த்தாள். பிறகு, வேறு ஒருவரும் வேண்டாம், தான் போவதாகவும், அம்மா வெளியில் நின்று கதை சொன்னால் போதுமென்றும் சொன்னாள். அழாமல் அவள் அதைச் சொன்ன விதம் சுதர்சினிக்குப் பிடிக்கவில்லை.

கடைசிப் படத்துக்கு மருந்து ஏற்றுவதற்கான ஊசியைக் குத்தும்போது மட்டும் அழுதாள். புறங்கையில் நரம்பு பிடிபடாமல் இரண்டாவது தரமும் குத்தவேண்டி வந்தது. மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, கடிப்பதென்றால் தன்னுடைய கையைக் கடிக்கச் சொன்னாள் தாய். கடித்துப் பார்த்துவிட்டு, "உங்கட கை சரியான உப்பு" என்று விம்மலுக்கு நடுவே முறைப்பாடு சொன்னாள் மகள். தாதியும் சிரித்துவிட்டாள். பிறகு காதுக்குப் பஞ்சு, அதற்கு மேலே பாட்டுக் கேட்கிறதைப் போன்ற கருவி, முகத்துக்கு மேலே கிளிக்கூட்டைப் பாதியாய் வெட்டிக் கவிழ்த்தது போல ஒரு மூடி. பயம் வந்தால் அமத்து என்று ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தார்கள். நிலத்தில் கீறியிருந்த சிவப்புக் கோடு வரைக்கும்தான் சுதர்சினி போகலாம். கோட்டில் நின்று பார்த்தபோது தெரிந்ததெல்லாம் இரண்டு சின்ன உள்ளங்கால்கள்.

கதவு மூடியது. இந்தப் பக்கத்து அறையில், கண்ணாடிக்கு முன்னால், வினோஜாவின் அருகே அவளுக்கு ஓர் இருக்கை கிடைத்தது. இயந்திரம் சத்தம் போடும்போது பேசக் கூடாது. சத்தம் நிற்கிற இடைவெளிகளில் பொத்தானை அமத்திக்கொண்டு பேசலாம். முதல் சத்தம் மரங்கொத்தியைப் போல இருந்தது. அடுத்தது தகரக் கூரையில் கல்லெறிந்ததைப் போல. மூன்றாவது சத்தம் எதைப் போல இருந்ததென்று அந்த அறையில் ஒருவரும் சொல்லவில்லை. வெயிலுக்குள் நிற்கப் போகிறேன் என்று முணுமுணுத்துவிட்டுச் சஜீவன் வெளியே போய்விட்டான்.

காகமும் பாம்பும், குரங்கும் முதலையும் என்று மகளுக்கு அவள் சொல்லிவந்த கதைகள் எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்றைத்தான் எடுப்பதாக நினைத்தாள். ஆனால் பொத்தானை அமத்தியதும் நாக்கில் வந்தது ஆமைதான். குளம் வற்றிப் போச்சுது, ஆமை மற்றக் குளத்துக்கு வெளிக்கிட்டுது என்று தொடங்கினாள். சத்தம். வெடித்த சேற்றில் நடந்து நடந்து கால் நொந்துது. சத்தம். பற்றைக்குப் பின்னால் நரி நின்றது, ஆமை தலையையும் காலையும் உள்ளுக்கு இழுத்துக்கொண்டுது. சத்தம். நரி ஓட்டை நக்கிப் பார்த்தது, புரட்டிப் பார்த்தது, பக்கத்தில் குந்தியிருந்து, எப்ப வெளியில வருவாய் என்று கேட்டது.

கண்ணாடிக்கு இப்பால் காந்தத்தின் பிடி இல்லை என்று வினோஜா முன்பே சொல்லியிருந்தாள். ஆனாலும் சுதர்சினியின் தோள் பட்டைக்குக் கீழே இளஞ்சூடு பரவிற்று. உறக்கத்தில் ஒரு குழந்தை கன்னத்தை மாற்றி வைத்துக்கொள்வதைப் போன்ற ஓர் அசைவு. எண்ணமாகவும் இருக்கலாம். திரையில் மகளின் தலை, சீவிய நுங்கைப் போல, துண்டு துண்டாய் வந்துகொண்டிருந்தது.

பங்கருக்குள் நின்றுபோன கதை இவ்வளவுதான். இதற்கு அப்பால் அவள் என்றைக்கும் சொன்னதில்லை. பொத்தானில் விரல் மட்டும் இருந்தது. மருந்து ஏற்றி எடுக்கிற கடைசிப் படம் ஒன்றுதான் மிச்சம், அதற்கு முந்திய இடைவெளி அது. அப்போது மணி அடித்தது. உள்ளே ரப்பர் பந்தை அமத்தினால் அடிக்கிற மணி.

"என்ன குஞ்சு, என்ன செய்யுது? ஏன் அமத்தினனீங்கள்?" என்று வினோஜா கேட்டாள்.

"நான் அமத்தேல்லை, மிஸ்." பானைக்குள் இருந்து பேசுவது போல மகளின் குரல் வந்தது.

"அப்ப ஆர் அமத்தினது?"

"தம்பி. அம்மாவை மிச்சக் கதையைச் சொல்லட்டாம்."

சுதர்சினி கண்ணாடியினூடாகப் பார்த்தாள். உள்ளங்கால்கள் இரண்டும் அசையாமல் இருந்தன. கால்மாட்டில் மரக் கதிரை வெறுமையாய் இருந்தது. வினோஜா பொத்தானை விட்டுவிட்டு, உள்ளே போகிற சின்னப் பிள்ளைகள் துணைக்கு ஆரையாவது சேர்த்துக்கொள்வது வழக்கம்தான் என்று மெதுவாகச் சொன்னாள்.

"வீட்டில தம்பியார் இருக்கிறாரோ, அக்கா?"

"இல்லை. இவள் ஒருத்திதான்."

மதுசனைப் பற்றி மகளுக்கு அவள் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அவனுடைய படம் ஒன்றும் மிஞ்சவும் இல்லை. வினோஜா கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு தன்னுடைய கைகளைப் பார்த்தாள்.

"கதையை விட்டிடாதேங்கோ, அக்கா. மருந்து ஏத்தியாச்சு. இந்தப் படத்தில ஆடினா எல்லாம் வீண்."

சுதர்சினி குனிந்து ஒலிவாங்கிக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோனாள்.

"நரி போய்க் கனநேரம். ஆமைக்குத்தான் அது தெரியேல்லை" என்றாள். "ஓட்டுக்குள்ள இருட்டு. நரி இன்னும் வாசலிலதான் குந்தியிருக்குது எண்டு நினைச்சுக்கொண்டு அது அப்பிடியே கிடந்தது. ஒருநாள் மழை பெய்ஞ்சுது. காலடியில தண்ணி வந்தது. அப்பதான் அது தலையை நீட்டிப் பாத்தது."

சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது. அதை வேறு யாரும் அவளுக்காகச் சொல்ல முடியாது.

"ஆடாதேங்கோ" என்றாள். "ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சநேரம் ஆடாமல், அசையாமல் இருங்கோ. சத்தம் நிண்ட உடனை அசையலாம். நான் இஞ்சைதான் நிக்கிறன்."

வினோஜா இயந்திரத்தைத் தொடக்கினாள். அந்தச் சத்தம் நெடுநேரம் நின்று அடித்தது. சுதர்சினி கண்களை மூடவில்லை. உள்ளங்கால்களையும் பார்க்கவில்லை. கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் ஓய்ந்தபோது வினோஜா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஒரு படம்கூட ஆடவில்லை, பெரியவர்களும் இப்படிக் கிடந்து தான் கண்டதில்லை என்றாள். அவற்றில் இருப்பது என்னவென்று டொக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், பின்னேரமாகும். அதைச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். சுதர்சினி சிவப்புக் கோட்டுக்கு வந்தாள். கூட்டைக் கழற்றுகிற சத்தமும், பஞ்சை எடுக்கும்போது மகள் சிணுங்குகிற சத்தமும் கேட்டன. கொஞ்சத்தால், வினோஜாவின் கையைப் பிடித்தபடி, வெறுங்காலோடு யதுர்ஷிகா வாசலுக்கு வந்தாள். வந்தவள் நிலைப்படியில் நின்றுவிட்டாள். வினோஜா கதவை மூடுவதற்காகக் கையை நீட்டினாள்.

"கொஞ்சம் பொறுங்கோ, மிஸ்" என்றாள் பிள்ளை. உள்ளே திரும்பிப் பார்த்தாள். மெல்ல நடக்கிற ஒருவருக்காகக் காத்து நிற்பவர்களின் நிற்பு அது.

வினோஜா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அந்தக் கனத்த கதவில் தன்னுடைய தோளைக் கொடுத்து, அது மூடிவிடாமல் தாங்கிப் பிடித்தபடி நின்றாள். உள்ளே இருந்த குளிர் காற்று நிலத்தோடு நிலமாய் ஊர்ந்து, சிவப்புக் கோட்டைக் கடந்து, சுதர்சினியின் பாதங்களைச் சுற்றி வந்தது.